அடுப்படிக் கால்மிதி

அன்றைக்கும் பால் பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. அதைச் சுரண்டிக்கொண்டு நின்றது, வழக்கம்போல, அண்ணிதான்.

"மறந்துட்டேன் அத்தை."

"மறப்பே, மறப்பே. வீடு பத்திக்கிட்டு எரியும்போதுதான் உனக்கு ஞாபகம் வரும்," என்றாள் அம்மா.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், பாத்திரக்கடைக்காரன் நம்ம தயவில்தான் பிழைக்கிறான் என்று தன் பங்குக்கு ஒரு குத்து குத்திவிட்டுப் போனான். அண்ணி சுரண்டுவதை நிறுத்தவில்லை.

இத்தனைக்கும் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பொட்டுப் பாலைப் பொங்க விடாதவள். இப்போது பால், பருப்பு, வெறும் தண்ணீர் எல்லாம் தீய்கிறது. யார் அடுப்பில் வைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. வாசனை வந்து எட்டிப் பார்த்தால் கரிப் பாத்திரத்தோடு நிற்பது அவள்தான்.

நாத்தனார் படிக்கும் கல்லூரியில் வீட்டு உபயோகச் சாதனப் போட்டி அறிவித்ததும், அண்ணியே அவளைத் தேடி வந்தாள். நாத்தனாருக்கு வீட்டில் விஞ்ஞானி என்று பட்டப்பெயர். அடுப்பை மறந்துவிட்டுப் போனால் கூப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்து கொடேன், எனக்காக என்று கேட்டாள்.

விஞ்ஞானிக்கு உள்ளூர எரிச்சல். கொஞ்சம் கவனமாக இருக்க முடியாதாம், அதற்கு ஒரு மெஷின் வேண்டுமாம். இருந்தாலும் போட்டிக்கு ஒரு யோசனை கிடைத்ததே என்று ஒப்புக்கொண்டாள்.

அடுப்புக்கு முன்னால் ஒரு ரப்பர் கால்மிதி. அதில் ஏறி நின்றால் பச்சை விளக்கு எரியும். அடுப்பை எரியவிட்டு ஆள் இறங்கிப் போனால், கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும். அப்படியும் வராவிட்டால் ஒரு குட்டி மோட்டார் அடுப்பின் குமிழைத் திருகி மூடிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அண்ணன் மகன் அதில் ஏறிக் குதித்துக் குதித்து விளக்கை எரியவிட்டுப் பிராணனை வாங்கினான். அதனால் அண்ணியின் எடைக்குக் குறைந்த யார் ஏறினாலும் கால்மிதி சட்டை செய்யாதபடி அமைத்தாள். அண்ணி நல்ல பூசினாற்போன்ற உடம்பு. ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லிப் பார்த்ததில் மணி ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

போட்டிக்கான பலகையில், 'எங்கள் மறதிக்கார அண்ணிக்காக' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அண்ணி படித்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள் மறுபடியும் தீய்ந்த வாசனை. மணி அடிக்கவே இல்லை.

விஞ்ஞானி பதறியடித்து ஓடிவந்தாள். பாத்திரம் புகைந்துகொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அண்ணி, கால்மிதியில் ஏறி அடுப்பை அணைத்தாள். அவள் ஏறியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நான்தான் வெச்சேன். மறந்துட்டேன்."

விஞ்ஞானி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி வைத்திருந்தால் அப்போதே எரிந்திருக்கும், மணியும் அடித்திருக்கும். பையன் பள்ளிக்கூடத்தில். அண்ணன் வேலையில். ஜன்னல் வழியே பார்த்தாள். கொல்லையில் அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. தோளில் பாத்திரம் பிடிக்கிற கரித்துணி.

விஞ்ஞானி அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நாளா அண்ணி?"

அண்ணி கதவைச் சாத்தினாள். "மூட்டு வலிக்குன்னு அத்தையைக் கூட்டிட்டுப் போனேனே, அது மூட்டு வலி டாக்டர் இல்ல. மறதி இன்னும் கூடுமாம். மனசு விட்டுடக் கூடாது, கைக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கணும்னாரு. விஷயம் தெரிஞ்சா அத்தை அன்னைக்கே அடுப்படியை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில உக்காந்துடுவாங்க."

அண்ணனிடமாவது சொல்லியிருக்கலாமே என்றாள் விஞ்ஞானி.

"அவர் வாயில எது நிக்கும்?" என்றாள் அண்ணி. "எப்பவும் என் கண்ணு அங்கேயே இருக்க முடியல. அதான் உன்கிட்ட கேட்டேன்."

அன்று சாயங்காலம் விஞ்ஞானி அம்மாவை விளையாட்டுப் போல் கூப்பிட்டு, கால்மிதியில் நிற்கவைத்து, அவள் எடைக்கு அதை மாற்றினாள். பலகையையும் மாற்றுகிறேன் என்றதற்கு அண்ணி விடவில்லை.

போட்டிக்குக் குடும்பமே வந்திருந்தது. அம்மாவும் அண்ணியும் முன்வரிசையில். நடுவர் பலகையைப் படித்துவிட்டு, யாரம்மா அந்த மறதிக்கார அண்ணி என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

"இதோ, இவதாங்க," என்று அம்மா கையைக் காட்டினாள். அண்ணி தயங்காமல் எழுந்து நின்றாள்.

விஞ்ஞானி ஓரடி முன்னால் வந்தாள். பரிசு போனால் போகட்டும் என்று பலகையைத் திருப்பி வைத்தாள்.

"இதுல எழுதியிருக்கிறது தப்புங்க சார். எங்க வீட்ல அடுப்பை மறந்துட்டுப் போறது நான்தான். திட்டு விழும்னு அண்ணி எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இவ பண்ணினதுக்கா உன்னை அந்தப் பேச்சுப் பேசினேன்? மனசுல வெச்சுக்காதேம்மா."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. பிடித்த கையை விடவில்லை.

"இனிமே இவளை அடுப்புப் பக்கமே விடாதே. அடுப்படியை நாம ரெண்டு பேருமே பார்த்துப்போம்."

"சரிங்க அத்தை," என்றாள் அண்ணி.