சியேனாவுக்குப் போகும் படம்

லிசபெத்தாவின் படத்தைப் பார்த்துத்தான் சியேனா நகரத்திலிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்வார்கள். நெற்றி அகலமாக இருந்தால்தான் அழகாம். ஒரு மாதமாக அவள் முன்முடியை வேலைக்காரி நான்தான் தினமும் பிடுங்கினேன். அவளுக்குக் கருப்பு முடி. ஓவியர் பொன்னிறமாக வரைந்திருந்தார்.

இன்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும்டி, எரியுது. அந்தப் படத்தையே கட்டிக்கச் சொல்லு."

"பெரியம்மா கேட்டா எனக்குல்ல உதை விழும், சின்னம்மா."

"வாங்கிக்கோ."

முன்னறையைப் பெருக்கப் போனேன். அங்கிருந்த படத்தில் நெற்றி சிவந்து தடித்திருந்தது. கீழே தரையில் பொன்னிற முடிகள் வேரோடு கிடந்தன.

லிசபெத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து நெற்றியை நீட்டினாள்.

"பிடுங்கு. படத்துல இருக்கிறவளாவது இன்னைக்கு சும்மா இருக்கட்டும்."