கதவைத் திறக்காதவன்

"கதவைத் திறந்தவனோ, இல்லையோ? அதை முதல்ல சொல்லு மச்சான்!"

டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்த இளங்கீரன் அவசரப்பட்டார். கையில் ஊசி ஏறியிருந்தது. நாலு மணி நேரம் அசைய முடியாது. அந்த நேரத்தை ஓட்டத்தான் பால்ய நண்பர் சச்சிதானந்தன் செவ்வாய்தோறும் ஒரு தடித்த ஜெர்மன் நாவலோடு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு வருவார். சிட்னிக்கு வருமுன் ஜெர்மனியில் பதினைந்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். பக்கத்தைப் பார்த்தபடியே கதையைத் தமிழில் சொல்லிவிடுவார்.

கதிரையை எப்போதும் வலப்பக்கம்தான் போடுவார். இளங்கீரனுக்கு இடது காது கேளாது. இருபது வயதில், ஊரில் ராணுவம் பிடித்துக்கொண்டு போய் அடித்த அடி.

"திறக்கேல்ல," என்றார் சச்சி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தெருவெல்லாம் பட்டாளம். சிநேகிதன் ஓடிவந்து ஒருக்காத் தட்டினவன். இவன் பயத்தில மூச்சே விடேல்ல. அவன் போயிட்டான். சந்தியில பிடிச்சிட்டாங்கள்."

"பாவமடா. பிறகு?"

"பிறகு வெளியில வந்து பாத்தால், இவன்ர செருப்பு வாசல்லயே கிடக்குது. அவன் அதைக் கண்டிருப்பானோ, நான் உள்ள இருக்கிறன் எண்டு தெரிஞ்சிருக்குமோ எண்டு நாற்பது வருசமாத் தவிக்கிறான்."

"சிநேகிதன் உயிரோட இருந்தால் கேட்டிருக்கலாமே?"

"இருக்கிறான். பக்கத்திலயே இருக்கிறான். கேக்கத்தான் துணிவு வரேல்ல."

சச்சி இரண்டு மூன்று பக்கங்களை ஒன்றாகத் திருப்பினார்.

இளங்கீரன் தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"பனி கொட்டுற ஊரில எவனடா செருப்பை வாசல்ல கழட்டிப்போட்டு உள்ள போவான்?"

சச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எழுத்தாளர்... அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

இளங்கீரன் ஊசி ஏறாத கையை நீட்டிப் புத்தகத்தை மெல்ல மூடினார். பிறகு சச்சியின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"நீலப் பட்டிச் செருப்பு. நான் கண்டனான் மச்சான். உள்ள உன்ர தங்கச்சிமாரும் இருப்பினம் எண்டுதான் ரெண்டாந்தரம் தட்டாமப் போனனான்."