கல்யாண வண்டி

துணி சிவந்துபோனது.

அவர் பதறிவிட்டார். கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் அரக்கு நிறம். காரின் நிறமே கையோடு வந்துவிட்டது.

கைப்பேசியில் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். பழைய பெயின்ட் அப்படித்தானாம். மேலே செத்துப்போன படலம்தான் துணியில் வருகிறதாம். பயப்பட வேண்டாமாம்.

சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன.

ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு காருக்கு பாலிஷ் போடுகிறார். நாளைக் காலை, அதே ஐம்பத்திரண்டு வயதில், முதல்முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். பொள்ளாச்சி பதிவு அலுவலகத்தில், பத்து மணிக்கு.

அப்பா வாங்கிய அம்பாசிடர். அந்தக் காலத்தில் ஊரில் வேறு கார் கிடையாது. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் வந்து வண்டியைத்தான் கேட்பார்கள். வண்டி போனால் ஓட்டுவதற்கு மகன் இவரும் போவார்.

பானெட் முழுக்க டேப் ஒட்டிய தழும்புகள்.

பூச்சரத்தை இழுத்துப் பிடித்து, டேப்பை வைத்து அழுத்தி ஒட்டுவார்கள். ஒட்டும்போது இருக்கிற பொறுமை பிரிக்கும்போது யாருக்கும் இருக்காது. பிய்த்துப் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடுவார்கள்.

இது தங்கை விசாலாட்சி கல்யாணத்தில் ஒட்டியது. இது தறிக்கார நல்லசிவம் மகளுக்கு. கோணலாக இருப்பது கார்மேகத்தின் மூன்று மகள்களில் யாருக்கோ.

தேய்க்கத் தேய்க்க ஒவ்வொன்றாக மறைந்தன. மனசு லேசாக வலிக்கத்தான் செய்தது. எத்தனை பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட வண்டி.

வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் புறப்பட்டு, தெருமுனை திரும்புவதற்குள் பின்சீட்டில் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுவார். அழுகிறவர்களைப் பார்க்கக் கூடாது என்பது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒருத்தி மட்டும் அழவில்லை.

"ஏனுங்க, இந்த ஜன்னல எறக்கிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

இறக்கினாள். மண்டபம் வரும்வரை முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது தலை அலங்காரம் மொத்தமும் கலைந்திருந்தது. பெண்வீட்டார் திட்டித் தீர்த்தது அவரைத்தான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

இருபத்துமூன்று வருடம் ஆகிறது. அந்தக் கலைந்த தலையை அவர் மறக்கவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

சாந்தாமணி.

அவளுடைய கணவன் இறந்து ஒன்பது வருடம். போன மாதம் விசாலாட்சிதான் போய்ப் பேசினாள். நாளை அவர் பக்கத்தில் மணப்பெண்ணாக நின்று கையெழுத்துப் போடப்போகிறவள் சாந்தாமணிதான்.

ஆடம்பரம் எதுவும் வேண்டாம், இரண்டு கையெழுத்து போதும் என்று சாந்தாமணி சொல்லி அனுப்பியிருந்தாள். அவரும் சரி என்றுவிட்டார்.

ஊருக்கெல்லாம் பூக் கட்டிய வண்டி. ஒரு தடவை தனக்காகவும் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. இந்த வயதில் இதென்ன கோலம் என்று அவள் நினைத்துவிட்டால்?

அதனால் பாலிஷ். பட்டறைக்காரர் தானே வந்து செய்து தருவதாகச் சொன்னார். இவர் மெஷினை மட்டும் வாங்கி வந்தார். தன் கல்யாணத்துக்குத் தான் செய்ய மிஞ்சியிருக்கும் ஒரே வேலை, அதையும் இன்னொருவர் கையில் கொடுப்பானேன்?

எல்லாம் போய், ஒரு தழும்பு மட்டும் நின்றது.

பானெட்டின் முன்விளிம்பில், இடது பக்கம், ஒரு விரல் நீளம். சாந்தாமணியின் கல்யாணத்தில் ஒட்டியது.

அதை அவள் பார்க்கக் கூடாது. புதிய வாழ்க்கைக்குக் கிளம்புகிற காலையில் பழையது கண்ணில் பட வேண்டாம். இத்தனை பாடும் அதற்காகவும்தான்.

கையால் தேய்த்தார். அசையவில்லை. மெஷினை வைத்தார்.

விளிம்பில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், மெஷினை அங்கே நிறுத்தாதீர்கள் என்று வீடியோக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவரும் கேட்டுத் தலையாட்டியிருந்தார்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

இன்னும் கொஞ்சம்.

தழும்பு போய்விட்டது.

பெயின்ட்டும் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சான பிரைமர் பல்லை இளித்தது.

மெஷினை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். ஊரார் வண்டி கேட்டு வந்தபோதெல்லாம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். தனக்கென்று வந்தபோது கெடுத்துவிட்டார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

சாந்தாமணி. நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஆதார் நகலோடு வந்திருந்தாள்.

எழுந்து மறைத்து நிற்க நேரமில்லை. அவள் அவருடைய சிவந்த கைகளைப் பார்த்தாள். பளபளத்துக் கிடந்த காரைப் பார்த்தாள். ஒரு சுற்று நடந்து வந்து, முன்னால் நின்றாள்.

"இந்த ஒரு எடந்தான் கெட்டுப்போச்சுங்க," என்றார்.

அவள் குனிந்து அந்தச் சாம்பல் நிறத்தை விரலால் தடவினாள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பூ வெச்சா மறைஞ்சிருமுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. முழங்கையை பானெட்டின் மேல் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை முழம் வரும் என்று அளந்துகொண்டிருந்தாள்.