வெங்கடம்மாளின் காடை

“அய்யோ தேவுரே! பெத்த புள்ளைய எங்கேயோ விட்டுட்டு இங்க உனக்கு எப்படிம்மா சோறு இறங்குது?”

குழாயடியில், அத்தனை குடங்களுக்கு நடுவே, வீட்டு ஓனர் வெங்கடம்மாள் பிடித்துக்கொண்டாள்.

செல்போன் கம்பெனியில் ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தாள் ஜெயமணி. நாலு வயசு மகள் வேதாரண்யத்தில், பாட்டி வீட்டில்.

“இந்த ஜூன்ல இங்கயே ஸ்கூல்ல சேர்க்கணும்னுதான் எனக்கும்…” ஜெயமணியை வெங்கடம்மாள் முடிக்கவிடவில்லை.

“சின்ன வயசுல எங்க ஊரு தளிக் காட்டுல பார்ப்பேன். காடை இருக்கே, நாம மிதிக்கப் போனாலும் குஞ்சுகளை விட்டு ஒரு முழம் நகராது. நீ இருக்கியே, உங்க ஊர் கடலாமை! முட்டையப் போட்டமா, போனமான்னு!”

“நானும் பார்த்திருக்கேன்மா. மாசியில கரையேறும். அப்பா தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டுவாரு. குழியை மூடிட்டுக் கடலுக்குத் திரும்புறப்ப அதுக்குக் கண்ணுல தண்ணியா வழியும்.”

“வழியும், வழியும்!”

வரிசை சிரித்தது.

ஆறாம் வீட்டு ரஞ்சிதாவுக்கு வாய் நமநமத்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் குரல், கம்பெனி பஸ் ஹாரன், அடுத்த வீட்டு மிக்சி, எதையும் மிமிக்ரி செய்யாமல் விட்டுவைத்ததில்லை. துப்பட்டாவை முந்தானையாக இழுத்துச் செருகினாள்.

“நீ இருக்கியே, கடலாமை!”

அச்சு அசல் வெங்கடம்மாள். குழாயடியே குலுங்கியது. வெங்கடம்மாளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

“அடிக் கழுதை! அப்படியே நான்தான். இன்னொண்ணு பேசுடி!”

ரஞ்சிதா பெருமையாகத் திரும்பினாள். ஜெயமணி மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

போன ஆவணியில், இடுப்பில் மகளோடு அவள் வீடு கேட்டு வந்த சாயங்காலம் ரஞ்சிதாவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் குட்டிக்குப் பூனை மாதிரி கத்திக் காட்டியிருந்தாள்.

“அன்னைக்கு நீங்க இவங்ககிட்டப் பேசினதைப் பேசட்டுமா ஓனரம்மா?”

“எதையோ பேசு, சீக்கிரம்!”

ரஞ்சிதா இடுப்பில் கை வைத்தாள். அதே குரல், அதே இழுப்பு.

“அய்யோ தேவுரே! சின்னக் குழந்தை இருந்தா வீடு கிடையாதும்மா. கத்தும், செவுத்துல கிறுக்கும். அதை ஊர்ல விட்டுட்டு வர்றதுன்னா சொல்லு, நாளைக்கே பால் காய்ச்சிக்கலாம்!”