கேட்டுச் சொல்லுங்க

"ஐயா, கீழ நிக்கிறவங்ககிட்ட, கிளையை விடலாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

மர உச்சியிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். கேட்க வேண்டிய ஆள், ஹெல்மெட்டும் கையுறையுமாக அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். மரம் ஏறியிருப்பவனின் மனைவி.

"ஏம்மா, உனக்குக் காது கேக்காதா?"

"நல்லாக் கேக்குங்க. பேச்சுவார்த்தைதான் இல்ல. விடலாம்னு சொல்லிடுங்க."

"விடலாமாம்!" என்று வீட்டுக்காரர் மேலே பார்த்துக் கத்தினார். ரம்பம் உறுமியது. கிளை தொப்பென்று விழுந்தது.

மரவேலையில் இது ஒரு கட்டுப்பாடு. மேலே இருப்பவர் "விடலாமா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் சுற்றுமுற்றும் பார்த்து "விடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வராமல் ரம்பம் ஓடாது. அதனால், கூரைமேல் சாய்ந்திருந்த மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்ட பாவத்துக்கு, வீட்டுக்காரர் காலையிலிருந்து தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சண்டை?"

"அவரோட பழைய பெல்ட்டைக் கத்தரியால துண்டு துண்டா வெட்டிட்டேன்."

வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏறுற ஆளோட பெல்ட்டையா?"

"தையல் பிரிஞ்சு பல்லை இளிக்குது. ராசியான பெல்ட்டுன்னு அதையே கட்டிக்கிட்டுத் தொங்குறார். முழுசாத் தூக்கிப் போட்டா, குப்பையிலேர்ந்து எடுத்து மறுபடி மாட்டிக்குவார். அதான்."

"ஐயா!" மேலிருந்து உடனே பதில் வந்தது. "புது பெல்ட் விறைப்பா இருக்கு, இடுப்பை அறுக்குதுன்னு சொல்லுங்க!"

"இடுப்பை அறுக்குதாம்."

"அறுக்கட்டும்னு சொல்லுங்க."

"அறுக்கட்டுமாம்!"

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். என்ன பொம்பளை இவள், கட்டின புருஷன் பொருளில் கத்தரி வைக்கிறாள்! அவன் மட்டும் லேசுப்பட்டவனா? மரத்தோடு பேசுகிறான், அணிலோடு பேசுகிறான், பெண்டாட்டியோடு பேசமாட்டேன் என்கிறான்.

பின்வாசல் கதவு திறந்தது. ஒரு கை நீண்டு, காபித் தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மரத்துக்காரி காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாள். "சமையக்கட்டு ஜன்னல் பக்கம் இருக்கிற கிளையும் போகணுமா ஐயா?"

"அதை நீயே உள்ள போய்க் கேட்டுக்கம்மா. அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வெட்டலாமாம். மறுபடியும் ஆரம்பித்தது. விடலாமா கேளுங்க, விடலாம்னு சொல்லுங்க. வெயில் ஏற ஏற வீட்டுக்காரருக்கு அலுப்பும் ஏறியது. பதில் எப்போதும் ஒன்றுதானே, இதற்கு எதற்கு ஒரு கேள்வி என்று தோன்றிவிட்டது.

"விடலாமான்னு கேட்டுச் சொல்லுங்க!"

"விடலாமாம், விடலாமாம்!" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மரத்துக்காரி அப்போது ஜன்னலுக்குக் கீழே குனிந்து, கிளை விழுகிற இடத்திலிருந்த ரோஜாத் தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள். தொட்டி தரையில் உரசிய சத்தத்தில் இரண்டு குரலும் அவள் காதில் விழவில்லை.

கிளை படாரென்று முறிந்தது.

"அடியே! தள்ளுடீ!"

மேலிருந்து வந்த அலறலில் அவள் ஒரே தாவாகத் தாவினாள். அவள் நின்ற இடத்தில் கிளை விழுந்தது. தொட்டி சுக்குநூறானது. அவளைப் பார்க்க எட்டிய வேகத்தில் அவன் கால் நழுவி, அந்தரத்தில் போய் நின்றான். பெல்ட் பிடித்துக்கொண்டது.

"அடிபட்டுச்சாடி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

"தொங்கிட்டு இருக்கேன்."

"பெல்ட் பிடிக்குதா?"

"நல்லாத்தான் பிடிக்குது." அவன் மெல்ல ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னான். "இப்பவும் இடுப்பை அறுக்குதுடி."

"அறுக்கட்டும்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

அவன் கால் ஊன்றி, கயிற்றைச் சரிபார்த்து, கீழே இறங்கி வந்தான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழைய பெல்ட்டா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். "அதான் வெட்டிட்டியே, விடு," என்றான் அவன்.

வீட்டுக்காரருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. அதோடு, தப்பு யார்மேல் என்று யாராவது கேட்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டிய அவசரமும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்தீங்களா? வயசுல பெரியவன், சொல்றேன், கேட்டுக்குங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காக நடுவுல ஒரு ஆளை வச்சுக்கிட்டா பேசுவாங்க? என்ன வீம்பு இது! இப்படி இருந்தா ஒரு குடும்பம் உருப்படுமா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது சமையலறை ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரரின் மனைவி மரத்துக்காரியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏம்மா, அங்க நிக்கிறவர்கிட்ட, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லிடும்மா."