பன்னிரண்டு மணிக்குப் பிறகு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பயிற்சியாளரை வேலைக்கு எடுக்கும் அன்றே, அவரை நீக்கப்போகும் நாளையும் நேரத்தையும் கணினி சொல்லிவிடும். அது பிசகியதே இல்லை. அருணகிரிக்கு டிசம்பர் பதினான்கு, பகல் பன்னிரண்டு மணி.

இது அவருக்கு ஆறாவது அணி. ஆட்டப் பதிவுகளை வெட்டிக்கொடுக்கும் எடுபிடியாகத் தொடங்கி, ஊர் ஊராக மாறி, தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். எந்த ஊரிலும் அவர் மனைவி வான்மதி ஜன்னல் திரைச்சீலைகள் இருக்கும் பெட்டியை மட்டும் பிரித்ததில்லை. கழற்றப்போவதை எதற்கு மாட்டுவது?

இன்று சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மைதான வேலியருகே வந்து காத்திருந்தாள். சரியாகப் பன்னிரண்டுக்கு வாசல் மின்பலகையிலிருந்து அவர் பெயர் மறைந்தது. அவரோ பனியில் மண்டியிட்டு, இந்த ஆண்டு களமிறங்க வாய்ப்பே இல்லாத ஒரு தடுப்பாட்டக்காரனின் இடது பாதத்தைக் கையால் பிடித்து, ஓர் அங்குலம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேகாலுக்குத்தான் வந்து காரில் ஏறினார்.

"அடுத்த வருஷம் அவனை ஆடவைக்கப்போறது வேற யாரோதானேங்க?" என்று கேட்டாள்.

"ஆடப்போறது அவன்தானே, வானு."

அவள் வண்டியைக் கிளப்பவில்லை. ஈரமாகிப்போன அவர் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஊர்ல நமக்கு எத்தனை மாசம்னு கம்ப்யூட்டர் சொல்லியிருக்கு?"

"ஏழு."

இவ்வளவு குறைவாக இதுவரை வந்ததில்லை.

"சரி," என்றாள் வான்மதி. "போனதும் முதல் வேலையா ஜன்னலுக்கெல்லாம் ஸ்கிரீன் மாட்டிடணும்."