பன்னிரண்டு நாழிகை

முப்பத்தாறு வயது பூங்கோதையின் பிறப்புக் குறிப்பைப் படித்ததும் புது ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உதயத்துக்கு மேல பன்னெண்டு நாழிகைன்னு இருக்கு. அந்தக் காலத்துல ஓட்டை வட்டில் தண்ணியில முங்குற நேரம் ஒரு நாழிகை, இருபத்துநாலு நிமிஷம். ஆறு மணி உதயம்னா, பத்தே முக்காலுக்குப் பொறந்திருக்கு. ஜாதகம் கணிச்ச மகராசன் பகல் பன்னெண்டு மணின்னு போட்டு லக்கினத்தையே மாத்திட்டான். இவளுக்குச் செவ்வாய் தோஷமே இல்லம்மா."

அந்தத் தோஷத்தைச் சொல்லித்தான் பதினேழு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

"புதுசா எழுதித் தரட்டுமா?"

"வேணாங்க," என்றாள் அம்மா. "தோஷம் இருந்தா தோஷக்காரனாவது வருவான். இந்த வயசுல திருத்தின ஜாதகத்தை எவன் நம்புவான்?"

பூங்கோதை முதன்முறையாக வாய் திறந்தாள்.

"ஒண்ணேகால் மணி நேரந்தானாங்க தப்பு?"

ஜோசியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அவ்வளவுதாம்மா."